மாவைச் சலிக்கும் போல்ட்டும் கதவை அடைக்கும் போல்ட்டும்

கேள்வி: 17, 18ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஆங்கில வீட்டுக் குறிப்பேடுகள், கப்பல் கணக்குகள் சிலவற்றைத் தமிழாக்கி வருகிறேன். 'போல்ட்' என்ற ஒரே சொல் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. ஓரிடத்தில் மாவை 'போல்ட்' செய்யச் சொல்கிறார்கள். இன்னோரிடத்தில் குதிரை 'போல்ட்' ஆகிறது. கப்பல் கணக்கில் நூற்றுக்கணக்கான 'போல்ட்' வருகிறது, ஆனால் நட்டு ஒன்றுகூட இல்லை. எழுத்தும் ஒரே மாதிரி இல்லை: பி-ஓ-எல்-டி, பி-ஓ-யு-எல்-டி, பி-யு-எல்-டி-இ என்று மாறி மாறி வருகிறது. இதெல்லாம் எழுத்துப் பிழையா? எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று எப்படி முடிவு செய்வது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்:

அன்புள்ள ஐயா, நீங்கள் பார்ப்பது ஒரு சொல் அல்ல, இரண்டு. பிறப்பால் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு சொற்கள் காலப்போக்கில் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து சேர்ந்துவிட்டன. முதலில் இவற்றைப் பிரித்துவிட்டால் உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

முதல் சொல் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. அதன் பொருள் அம்பு. எல்லா அம்பும் அல்ல. குட்டையாய், தடித்து, கனமாய் இருக்கும் அம்பு. பின்னாளில் குறுக்குவில்லில் வைத்து எய்யும் கணைக்கு அதுவே பெயராயிற்று. ஜெர்மன் மொழியின் 'போல்ட்சன்' இதற்கு உடன்பிறப்பு. அங்கேயும் ஒரே சொல் குறுக்குவில் கணையையும் இரும்பு முளையையும் குறிக்கிறது. கதவுத் தாழ், கப்பல் ஆணி, ஓடும் குதிரை, வானிலிருந்து விழும் இடி எல்லாம் இந்த அம்பின் வழி வந்தவை.

இரண்டாவது சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. பழைய பிரெஞ்சில் 'புலெட்டே' என்றால் மாவைச் சலிப்பது. ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் நடுவில் இருந்தது 'யு'. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாசர், ஒரு தத்துவச் சிக்கலைத் 'தவிடு வரை சலிக்க என்னால் ஆகாது' என்று சொல்லும் இடத்தில் பி-யு-எல்-டி-இ என்றுதான் இருக்கிறது. பிறகு அது பி-ஓ-யு-எல்-டி ஆகி, கடைசியில் அம்பின் எழுத்துக்கூட்டலோடு கலந்து யு-வையும் இழந்தது. ஆக, உங்கள் பிரதியில் உள்ள பி-யு-எல்-டி-இ பிழை அல்ல. அது இரண்டாவது சொல்லின் பழைய வடிவம். அதைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு 'சலி' என்று எழுதலாம்.

பி-ஓ-யு-எல்-டி விஷயத்தில் மட்டும் அந்தத் துணிச்சல் வேண்டாம். சலிக்கும் சொல்லில்தான் இந்த எழுத்து அதிகம் என்பது உண்மை. ஆனால் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் தாழையும் அம்பையும்கூட அப்படி எழுதியவர்கள் உண்டு. எல் எழுத்துக்கு முன்னால் வரும் ஓ நீண்டு ஒலித்ததால், காதில் விழுந்ததை யு அல்லது டபிள்யூ சேர்த்து எழுதிக் காட்டினார்கள். இந்த வழக்கம் முழுக்க அழியவும் இல்லை. அச்சு வார்க்கும் 'மோல்ட்' என்ற சொல்லைப் பிரிட்டனில் இன்றும் யு சேர்த்து எழுதுகிறார்கள். அமெரிக்காவில் யு இல்லாமல் எழுதுகிறார்கள். பறவை சிறகு உதிர்ப்பதைச் சொல்லும் சொல்லிலும் இதே வேறுபாடுதான். சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இ-க்கும் உங்கள் காலத்துப் பிரதிகளில் பொருள் எதுவும் கிடையாது. ஒரே எழுத்தர் ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக எழுதியிருப்பார். அவரைத் திருத்தாதீர்கள், குறிப்பில் உள்ளபடியே பதிவு செய்துவிட்டுத் தமிழில் ஒரே சொல்லைப் போடுங்கள்.

அதனால் எழுத்தை விட்டுவிட்டு, சொல்லுக்குப் பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். எதை 'போல்ட்' செய்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. மாவு, ரவை, மருந்துப் பொடி, சுண்ணாம்பு, உண்மை, வழக்கு என்று பதில் வந்தால் சலிக்கும் சொல். உண்மையும் வழக்கும் இந்தப் பட்டியலில் எப்படி வந்தன என்று கேட்பீர்கள். லண்டனில் வழக்கறிஞர்கள் பயின்ற இன்ஸ் ஆஃப் கோர்ட் கழகங்களில் மாணவர்கள் தங்களுக்குள் வழக்குகளை விவாதித்துப் பழகும் பயிற்சிக்கு 'போல்ட்டிங்' என்றே பெயர் இருந்தது. அதைப் 'பூட்டிய அறை விவாதம்' என்று தமிழாக்கினால் தப்பாகிவிடும். அலசல், அல்லது சலித்தெடுத்தல்.

சமையல் குறிப்பில் வெறும் 'சலித்து' என்பதோடு நின்றாலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அக்காலத்து 'போல்ட்டிங்' கம்பிச் சல்லடையில் செய்வது அல்ல, துணியில் செய்வது. கம்பளி அல்லது லினன் துணி, பின்னாளில் பட்டுவலை. அரைத்த மாவைத் துணிப்பையில் போட்டு உலுக்குவார்கள். மாவு கீழே பெட்டியில் விழும், தவிடு துணியில் தங்கும். அந்தப் பெட்டிக்கு 'போல்ட்டிங் ஹட்ச்' என்று பெயர். இதற்குத் தமிழில் துல்லியமான சொல் ஏற்கெனவே இருக்கிறது. சித்த மருத்துவத்தில் பொடியைத் துணியில் சலிப்பதை வஸ்திரகாயம் என்கிறோம். மருந்துக் குறிப்புகளில் அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். ரொட்டிக்கான மாவு என்றால் 'துணியில் சலித்த' போதும். அங்கே வஸ்திரகாயம் போட்டால் வாசகர் லேகியம் கிண்டுவதாக நினைத்துக்கொள்வார்.

எதிர்ச்சொல் இன்னும் பெரிய பள்ளம். 'அன்போல்ட்டட்' மாவு என்றால் தவிடு நீக்காத முழு மாவு. அதே சொல் கதவோடு வந்தால் தாழ் திறந்த கதவு. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில் ஒருவனை இதே அடைமொழியால் திட்டி, மிதித்துச் சாந்தாக்கிவிடுவேன் என்று மிரட்டும் ஒரு வசை உண்டு. தாழை மனதில் வைத்துப் படித்தால் அந்த வசைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. சலிக்காத சுண்ணாம்பில் கட்டி கட்டியாக இருக்கும். மிதித்து மிதித்துத்தான் சாந்தாக்க வேண்டும். 'சலிக்காத கரட்டுப்பயல்' என்று எடுத்துக்கொண்டால் வசையின் பின்பாதி தானே வந்து உட்காரும்.

இதே நாடகாசிரியரின் மக்பெத்தில் பேங்கோவின் ஆவிக்கு வரும் 'பிளட் போல்ட்டர்ட்' என்ற அடைமொழியையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள். ரத்தம் உறைந்து முடி சடை பிடித்த நிலையைச் சொல்லும் வட்டார வழக்கு அது. மேலே சொன்ன இரண்டு சொல்லோடும் அதற்குத் தொடர்பில்லை.

இனி அம்பின் குடும்பம். இதில் வடிவத்திலிருந்து பிறந்த பொருள்கள் ஒரு பக்கம், பாய்ச்சலிலிருந்து பிறந்தவை மறு பக்கம்.

கதவில் வருவது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரே ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் பார், போல்ட், லாட்ச் மூன்றும் வேறு வேறு. பார் என்பது கதவின் குறுக்கே போடும் மரம். போல்ட் தன் தடத்தில் நகர்ந்து போய்ப் பொருந்தும் தண்டு. லாட்ச் தானே விழுந்து மாட்டிக்கொள்ளும். தமிழில் நாம் தாழ் என்பதை இவற்றுக்குப் பொதுவாகப் பயன்படுத்துகிறோம். 'அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ்' என்ற குறளை 1886இல் ஆங்கிலமாக்கிய ஜி.யு. போப் அங்கே போல்ட் போடவில்லை, பார் என்றே எழுதினார். உங்கள் பிரதியில் ஒரே வாக்கியத்தில் போல்ட்டும் பாரும் சேர்ந்து வந்தால் 'தாழ்ப்பாள்', 'குறுக்கு மரம்' என்று பிரித்துக் கொடுங்கள். குறுக்கு மரத்துக்குக் கணையம் என்ற பழந்தமிழ்ச் சொல் உண்டு. கணை என்றால் அம்பு என்பதும் சேர்ந்து ஆசையைத் தூண்டும். வேண்டாம். இன்றைய வாசகருக்குக் கணையம் என்றால் வயிற்றுக்குள் இன்சுலின் சுரக்கும் உறுப்பு. தாழ்த்தண்டு போய் மாட்டும் வளையம் தனியாக வந்தால் அது நாதாங்கி. பூட்டைப் பற்றிய பேச்சில் போல்ட் வந்தால் சாவியைத் திருப்பும்போது பூட்டுக்குள்ளிருந்து நீளும் இரும்புத் துண்டு என்று பொருள். அங்கே தாழ்ப்பாள் பொருந்தாது.

கதவோடு 'ஷூட்' என்ற வினையும் வரும். தாழைச் சுடவில்லை; தள்ளிப் போட்டார்கள் அல்லது இழுத்துத் திறந்தார்கள். இதற்கும் 'தன் போல்ட்டைச் ஷூட் செய்துவிட்டான்' என்ற தொடருக்கும் குழப்பம் வரும். பின்னது அம்பு: கையிலிருந்த ஒரே கணையையும் விட்டுவிட்டான், இனி அவனிடம் ஒன்றுமில்லை. இரண்டையும் பிரிப்பது முன்னால் நிற்கும் சின்னச் சொல். 'தி' என்றால் பெரும்பாலும் தாழ். 'ஹிஸ்', 'மை' என்று உடைமைச் சொல் வந்து, சுற்றுவட்டத்தில் கதவு இல்லை என்றால் அம்பு. குறுக்குவில்லை மறுபடி நாணேற்றி முடிக்க நெடுவில்லைவிட அதிக நேரம் பிடிக்கும். எய்து முடித்தவன் வெறுங்கையன் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது. முட்டாளின் அம்பு முந்திப் பாயும் என்ற பொருளில் ஒரு பழைய ஆங்கிலப் பழமொழியும் இருக்கிறது. அதில் போல்ட்டைத் தாழாக்கி முழி பிதுங்கிய மொழிபெயர்ப்புகள் பல.

கப்பல் கணக்குக்கு வருவோம். நட்டு இல்லை என்ற உங்கள் கவனிப்பு மிகச் சரி, இதில் மறைந்திருப்பது எதுவும் இல்லை. அக்காலக் கப்பல் கட்டுமானத்தின் போல்ட்டில் பெரும்பாலும் மரையே, அதாவது நட்டு ஏறும் திருகு வரியே, கிடையாது. அது வழவழப்பான வட்டத் தண்டு. மரத்தில் முதலில் துளையிட்டு, தண்டின் விட்டத்தைவிடத் துளையைச் சற்றுக் குறுக்கி, சம்மட்டியால் அடித்து இறக்குவார்கள். மறுபக்கம் வெளிவரும் முனையில் ஓர் உலோக வளையத்தை மாட்டி, முனையை அடித்து விரித்து மடக்கிவிடுவார்கள். அது 'கிளென்ச் போல்ட்'. இன்னொரு வகையில் முனைக்குச் சற்று முன்னால் ஒரு நீள்துளை இருக்கும். அதில் தட்டையான இரும்பு ஆப்பை அடித்து இறுக்குவார்கள். அது 'ஃபோர்லாக் போல்ட்'. நம் வண்டிச் சக்கரம் கழலாமல் அச்சில் கடையாணி செருகுவது போன்ற ஏற்பாடு. தலையில் வளையம் வைத்தது 'ரிங் போல்ட்'. பீரங்கியைக் கட்டவும் கயிறு மாட்டவும்.

ஆகவே 18ஆம் நூற்றாண்டுக் கப்பல் கணக்கில் 'மரையாணி' என்று எழுதாதீர்கள். இல்லாத மரையை நீங்கள் வெட்டியதாகும். 'முளையாணி' அல்லது 'இரும்பு முளை' சரியாக இருக்கும். கிளென்ச் வகைக்கு 'முனை மடக்கிய முளையாணி', ஃபோர்லாக் வகைக்கு 'ஆப்பு முளையாணி' என்று முதல் முறை விரித்துச் சொல்லிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். மரை வைத்த போல்ட் அப்போதே இருந்தது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டியது. ஆங்கிலப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1841இல் 55 டிகிரி கோண மரையை முன்வைத்த பிறகுதான் ஓர் ஊரில் செய்த நட்டு இன்னோர் ஊரில் செய்த போல்ட்டில் ஏறும் நிலைமை வரத் தொடங்கியது. அந்தத் தேதிக்குப் பிந்திய பொறியியல் ஆவணம் என்றால் போல்ட்-நட்டு என்றே எழுதுங்கள்; மரையாணி என்பது பாடப்புத்தகத்தைத் தாண்டி வெளியே வரவில்லை.

உலோகத்தையும் பாருங்கள். உங்கள் கணக்கில் ஒரு கட்டத்தில் இரும்பு முளைகள் குறைந்து செம்பு முளைகள் கூடியிருந்தால் காரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படை கப்பலடியில் புழு அரிக்காமலும் பாசி படியாமலும் இருக்கச் செம்புத் தகடு போர்த்தியது. கடல்நீரில் செம்பும் இரும்பும் சேர்ந்தால் இரும்பு வேகமாக அரித்துப் போகும். தகடு பளபளவென்றிருக்க, உள்ளே முளைகள் கரைந்து பலகைகள் தளர்ந்தன. 1780களில் இது புரிந்து, செம்புக் கலப்பு முளைகளுக்கு மாறினார்கள். தேதி இல்லாத ஏட்டுக்குக் காலம் குறிக்க இது ஓரளவு உதவும்.

அதே கப்பல் கணக்கில் கித்தானுக்குப் பக்கத்தில் போல்ட் வந்தால் இரும்பை மறந்துவிடுங்கள். அது துணிச் சுருள். ஜவுளிக்கடை வழக்கில் 'தான்'. ஒரு தான் 40 கஜம், அதாவது சுமார் 36.6 மீட்டர் என்று பல இடங்களில் படிப்பீர்கள். துணிக்குத் துணி, காலத்துக்குக் காலம் அந்த நீளம் மாறும். பிரதியில் கஜக்கணக்கு இல்லாதபோது நீங்களாக எண்ணைச் சேர்க்க வேண்டாம். 'போல்ட் ரோப்' என்று வந்தால் அது இரும்பும் இல்லை, தானும் இல்லை. கப்பல் பாயின் ஓரம் கிழியாமல் சுற்றிலும் வைத்துத் தைக்கும் கயிறு. மரக்கணக்கில் போல்ட் என்றால் கூரைச் சில்லுக்கோ பீப்பாய்ப் பலகைக்கோ பிளக்கத் தயாராக நறுக்கிய குட்டைக் கட்டை. கைதிகள் பேச்சில் பன்மையில் வந்தால் காலில் மாட்டும் இரும்பு. பழைய புத்தக விற்பனைப் பட்டியலில் வந்தால், கத்தி வைத்து வெட்டப்படாமல் மடிப்பாகவே விட்ட தாள் ஓரம். இந்தக் கடைசிப் பொருளைச் சின்ன அகராதிகளில் தேடிக் களைக்காதீர்கள், பெரும்பாலும் இருக்காது.

'போல்ட் அப்ரைட்' என்ற தொடர் தனி ஆபத்து. இன்று அது முதுகு வளையாமல் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்வது. மத்தியகால ஆங்கிலத்தில் அப்ரைட் என்பதற்கு மல்லாந்து கிடப்பது என்றும் பொருள் உண்டு. அந்தக் காலப் பிரதியில் படுக்கையில் ஒருவர் 'போல்ட் அப்ரைட்' ஆக இருந்தால் அவர் எழுந்து உட்காரவில்லை, அம்பு போல நீட்டி மல்லாந்து கிடக்கிறார். உங்கள் நூற்றாண்டுகளில் இது அநேகமாக வராது. பழைய பாடலை யாராவது மேற்கோள் காட்டியிருந்தால் மட்டும் நின்று பாருங்கள்.

பாய்ச்சல் பக்கம் சுலபம். குதிரை மிரண்டு கட்டுக்கடங்காமல் ஓடுகிறது. ஆள் என்றால் ஓட்டம் பிடிக்கிறார், கம்பி நீட்டுகிறார். இங்கே வினை எதையும் செயப்படுபொருளாக எடுக்காது. முயலோ நரியோ செயப்படுபொருளாக வந்தால் கதை மாறும்: கீரி போன்ற ஃபெர்ரட்டையோ சிறு நாயையோ வளைக்குள் விட்டு அதை வெளியே பாயச் செய்தார்கள். கட்சியைச் செயப்படுபொருளாக வைத்து அமெரிக்கச் செய்தியில் வந்தால் கட்சியை விட்டு வெளியேறினார் என்று பொருள், கட்சியைப் பூட்டினார் அல்ல. சாப்பாடு வந்தால் மெல்லாமல் அள்ளி விழுங்குவது. இந்த வழக்கு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன் அரிது. அதற்கு முந்திய குறிப்பில் உணவுப்பொருளோடு போல்ட் வந்தால் விழுங்குவதைவிடச் சலிப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

தோட்டக் குறிப்பில் கீரை, முள்ளங்கி, கொத்தமல்லி 'போல்ட்' ஆனால் அது வெயிலாலோ பகல் நீண்டதாலோ இலைப் பருவம் முடியுமுன்னே தண்டு நீட்டிப் பூத்துவிட்டது. 'முற்றிப் பூத்துவிட்டது' என்றால் தோட்டம் போடுகிறவர்களுக்குப் புரியும். இன்றைய கொத்தமல்லி விதைப் பொட்டலங்களில் அச்சிடும் 'ஸ்லோ போல்ட்' என்பதும் இதுதான்: சீக்கிரம் பூக்காத ரகம்.

இடியைக் குறிக்கும்போது வஜ்ராயுதம் என்று எழுதும் சபலம் வரும். கிரேக்க, ரோமத் தெய்வங்கள் எறிவதாக வந்தால் மட்டும் சம்மதிப்பேன். தெளிந்த வானத்திலிருந்து விழுந்த இடி என்ற தொடரை 1837இல் வெளிவந்த பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றில் தாமஸ் கார்லைல் கையாண்டிருக்கிறார். உங்கள் ஏட்டுக்கு அது பிந்தியது; எதிர்பாராத சம்பவம் என்ற பொருளை 17ஆம் நூற்றாண்டுப் பிரதியில் ஏற்றிவிடாதீர்கள்.

எங்கே சரிபார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். 1500க்கு முந்தியதற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மத்தியகால ஆங்கில அகராதி இணையத்தில் இலவசம். அதற்குப் பிறகு ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதி. அதன் பழைய அச்சுப் பதிப்பில் வடிவங்களுக்கு முன்னால் 4, 5, 6, 7 என்று எண்கள் இருக்கும். அவை பொருள் வரிசை எண் அல்ல, நூற்றாண்டு: 5 என்றால் 15ஆம் நூற்றாண்டு, 7 என்றால் 17ஆம் நூற்றாண்டு, 1 மட்டும் 1100க்கு முந்தியது. சலிக்கும் வினைக்கும் தாழிடும் வினைக்கும் தனித்தனிப் பதிவுகள் இருக்கின்றன. முதலில் கண்ணில் பட்டதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். வட்டாரச் சொல் என்று சந்தேகம் வந்தால் ஜோசப் ரைட்டின் ஆறு தொகுதி அகராதி, 1898 முதல் 1905 வரை வந்தது.

மின்பிரதிகளில் தேடும்போது ஓர் எழுத்துக்கூட்டல் போதாது. ஓ மட்டும், ஓ-யு, ஓ-டபிள்யூ, யு மட்டும் என்று நான்கையும், ஒவ்வொன்றிலும் கடைசி இ சேர்த்தும் சேர்க்காமலும், எட்டு முறை தேடுங்கள். கறுப்பெழுத்து எனப்படும் பழைய தடித்த எழுத்து அச்சில் கணினி பி-யை ஹெச் என்று படித்துவிடுவது சகஜம்; அப்போது தாழ்ப்பாள் 'ஹோல்ட்' ஆகிவிடும், அதற்கோ சிறு காடு என்று தனிப்பொருள் இருக்கிறது. தோப்பால் கதவை அடைத்தார்கள் என்று ஒரு வாக்கியம் கிடைத்தால் மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள்.

பெயர்களை மட்டும் தமிழாக்க வேண்டாம். போல்ட், போல்ட்டர் என்ற குடும்பப் பெயர்கள் அம்பு செய்தவரிடமிருந்தும் வந்திருக்கலாம், மாவு சலித்தவரிடமிருந்தும் வந்திருக்கலாம். நடுவில் யு இருப்பதை வைத்து மாவுக்காரர் பரம்பரை என்று அடிக்குறிப்பு எழுத முடியாது. யு இருந்தால் அதை அடிக்குறிப்பில் காட்டிவிட்டு, பெயரை ஒலிப்படி எழுதிவிடுங்கள்.